நான்காவது ஆள் இல்லாத ஆட்டம்

1972 டிசம்பர் 11, காலை 6.40. திருத்தணி மலையைப் பனி மூடியிருந்தது. சென்னை ரயிலில் நாங்கள் நால்வர் ஜோடி சேர்ந்து சீட்டாடுவோம். அன்று என் புது ஜோடி, பள்ளிப்பட்டு நெசவாளர் முனுசாமி, தவறான சீட்டைப் போட்டுவிட்டார்.

"விழுந்த சீட்டை எண்ணத் தெரியாதவரு ஏன்யா ஆட வர்றீங்க?" என்று கத்தினேன். எழுந்து போய்விட்டார்.

மூவரால் ஆட முடியவில்லை. பதினோரு நாள், பனியில் வயல்கள் கனவுபோல மிதப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பன்னிரண்டாம் நாள் அரக்கோணத்தில் இறங்கி, முனுசாமியைத் தேடி அடுத்த பெட்டியில் ஏறினேன். துண்டின் மேல் சீட்டுகளைத் திறந்துவைத்து, வேறு மூவர் அவருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருபா, அந்த எண்ணுற சாரா?" என்று ஒருவர் சிரித்தார்.

முனுசாமி நகர்ந்து இடம் விட்டார். "உக்காருங்க சார். தப்பா போட்டா நாங்க சொல்லிக்கினே வருவோம்."

இப்போதெல்லாம் புதியவர் வந்தால், முதல் மூன்று ஆட்டத்துக்கு என் சீட்டைத் திறந்தே வைக்கிறேன். அன்று மன்னிப்புக் கேட்க வாய் வராமல் ஐந்து பேருக்கும் டீ வாங்கினேன். எழுபத்தைந்து பைசா.