மாதர் மன்றத்துச் சிரிப்பு

'மாதர் மன்றம், பொம்மை வகுப்பு, வெள்ளி மாலை' என்று பின்புறம் பென்சிலில் எழுதிய புகைப்படம் மறைந்த அம்மாவின் பெட்டியில் நேற்று கிடைத்தது, வருடம் குறிக்கவில்லை. கூடவே கிடந்த துணிப்பொம்மையில் இன்னும் பனியன் துணியின் எண்ணெய் வாசம்.

சாமளாபுரத்தில் விசைத்தறிக் கொட்டகைக்குப் பின்னால், தகரக்கூரை போட்ட ஒரே அறைதான் அப்போது மன்றம். பனியன் கம்பெனியில் கழித்த துண்டுத் துணியை அடைத்துப் பெண்கள் பொம்மை தைப்பார்கள். ஒருவர் தொடர்கதை வாசிக்க, மற்றவர்கள் வில்லனைத் திட்டுவார்கள். "கண்ணு, வெளிய உக்காருங்க சாமி, இது பெரியவங்க சமாச்சாரம்" என்று தலைவி சரசக்கா கதவைச் சாத்திவிட, நான் வாசலில் செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து, தறிச் சத்தத்தை மீறி வருவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பேன்.

"ஏனுங்கக்கா, பொம்மைக்குக் கழுத்தையே காணோம்?"

"எங்க மாமியாளப் பாத்துத் தச்சதுங்க!"

எல்லாரும் சிரிப்பார்கள், அதில் ஒரு சிரிப்பு மட்டும் மற்றவை அடங்கிய பிறகும் விக்கி விக்கி நீளும். வீட்டில் ஒருநாளும் சிரித்தறியாத அம்மாவின் சிரிப்பு அதுவென்று நானே முடிவுசெய்து, அதைக் கேட்பதற்காகவே வெள்ளிக்கிழமைக்குக் காத்திருந்தேன். திரும்பும் வழியில் அம்மா விறுவிறுவென்று முன்னால் நடப்பாள்.

மன்றம் இருந்த இடத்தில் இப்போது நூல் கிடங்கு. படத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள். அம்மா மட்டும் பொம்மையின் மேல் குனிந்திருப்பதால் முகம் தெரியவில்லை. இன்று சரசக்காவிடம் போய், கடைசிவரை நீளும் அந்தச் சிரிப்பு அம்மாவுடையதா என்று கேட்டேன்.

"உங்கம்மாளா? எல்லாருந்தான் சிரிச்சோமுங்க, கண்ணு" என்றார்.

அந்தச் சிரிப்பு அம்மாவுடையதுதானா என்பது இன்னும் உறுதிப்படவில்லை.