பல் போனவரின் சீட்டி

ஓய்வுபெற்ற பிறகும் படிவங்கள் என்னை விடவில்லை. பல் நலம் பெரியவர்களின் வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்கும் வேலையாக ஆலத்தூர் நாடு என்ற மலைக்கிராமப் பகுதிக்குப் போனேன். முன்பற்கள் இல்லாத மிளகு விவசாயி ஒருவரிடம், சாப்பிட, பேச, தூங்கச் சிரமமா என்று கேட்டேன்.

"இல்லீங்க. களி திங்கப் பல்லு எதுக்குங்க?"

பாதிப்பு பூஜ்யம் என்று எழுதினேன். அவர் மனைவி சிரித்தார்.

"ஏனுங்க, சீட்டி அடிக்க முடியுதான்னு கேளுங்க. முன்னெல்லாம் மிளகு பறிக்கறப்ப மரத்து மேல இருந்து அடிப்பாரு, கீழ எனக்குக் கேக்கும். இப்ப மனுசன் விழுந்து கெடக்கறாரோன்னு பொழுதுக்கும் மேடேறிப் பாக்கறனுங்க."

"உசுரோட இருந்தா அவளுக்கு ஏமாத்தம்" என்றார் அவர்.

கேள்வி சேர்க்க விதியில் இடமில்லை. பூஜ்யம் அப்படியே போனது. இப்போதெல்லாம் எந்த வீட்டிலும் படிவத்தை மூடியதும் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறேன்: "இவருக்குப் பல் போனதில் உங்களுக்கு என்ன சிரமம்?"