அமுக்காத பஞ்சு

வேலை முடிந்து வரும்போது பேருந்தில் இடம் காலியாக இருந்தாலும் எங்கள் மாமா உட்காரமாட்டார். அவர் உடையில் கண்ணாடிப் பஞ்சின் தூசி இருக்கும். அது இருக்கையில் ஒட்டினால் அடுத்து உட்காருகிறவருக்கு உடம்பெல்லாம் அரிக்கும். இதை அவராக யாரிடமும் சொன்னதில்லை. ஒருநாள் கால் வலிக்கிறது என்றபோது அக்கா துருவித் துருவிக் கேட்டதில்தான் வெளியே வந்தது.

மாமா என் அக்கா வீட்டுக்காரர். கட்டடங்களில் கூரைக்கு அடியில் சூடு இறங்காமல் கண்ணாடிப் பஞ்சு வைப்பது அவர் தொழில். கண்ணாடியை உருக்கி, பஞ்சுமிட்டாய் போல இழை இழையாகச் சுற்றி எடுப்பார்களாம். மஞ்சளாக, மெத்தை மாதிரி சுருட்டி வரும்.

அந்தக் கோடையில் என் வீட்டுக்காரருக்கு இரவு வேலை. பகலில் தூங்கியாகவேண்டும். நாங்கள் இருந்ததோ தகரம் போட்ட மாடி அறை. வாணலியில் விழுந்தவர் போலப் புரண்டுகொண்டே இருப்பார். தூக்கம் கெட்டு, ஆலையில் இயந்திரத்தின் முன்னாலேயே கண் அசந்துவிட்டார். இன்னொரு தடவை அசந்தால் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நான் கடவுளிடம் அழுதேன். பிறகு அக்காவிடமும் அழுதேன்.

மறுநாளே அக்காவும் மாமாவும் வந்துவிட்டார்கள். வேலை செய்த இடத்தில் மிஞ்சிய சுருள்களை மாமா கேட்டு வாங்கி வந்திருந்தார். தகரத்துக்கு அடியில் மரச்சட்டம் அடித்தார், பஞ்சை விரித்தார். அவர் தேநீர் குடிக்க இறங்கிய நேரத்தில், என் வீட்டுக்காரர் ஒரு சுருள் கொள்ளும் இடத்தில் இரண்டைத் திணித்து அமுக்கிவிட்டார்.

மாமா ஏறி வந்து பார்த்தார். “என்ன சகலை, தலகாணியா தைக்கிற?”

“நெறய வச்சா நல்லா தாங்கும்னு நெனச்சேன்.”

“பஞ்சு எங்க தாங்குது? உள்ள இருக்கிற காத்துதான் தாங்குது. நீ அமுக்கி அத வெரட்டிட்ட. ஒரே வீட்டுல பொண்ணு எடுத்தோம், அமுங்கிப் போறது நம்ம ரெண்டு பேருக்கும் பழக்கம். பஞ்சு பாவம், விட்ரு.”

“எனக்குக் காது நல்லாவே கேக்குது!” என்றாள் அக்கா கீழேயிருந்து.

மாமா அத்தனையையும் உருவி, உதறி, தளர்வாக வைத்தார். அடியில் பலகை அடித்து மூடினார். மறுநாள் உச்சி வெயிலில் என் வீட்டுக்காரர் குறட்டை விட்டார். அந்தச் சத்தத்துக்கு நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். இன்றைக்கும் அவருக்கு அதே வேலைதான்.

பிறகு மாமாவுக்குத் தூரத்து ஊரில் வேலை அமைந்தது. சொல்லிக்கொண்டு போக வந்தார். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

“நீங்க போயிட்டா, இந்தப் பஞ்சுக்கு ஒண்ணுன்னா யாரக் கேப்பேன் மாமா?” என்றேன்.

“அது பாட்டுக்குக் கெடக்கும்மா, பயப்படாத. ஆனா அது சத்தத்தையும் உள்ள விடாது, மழ பெஞ்சா உனக்குக் கேக்காது. துணி காயப்போட்டா அப்பப்ப வெளிய எட்டிப் பாரு.”