எழுந்திருக்காத மாப்பிள்ளை

1. பனியன் பிரச்சினை

"சட்டையைக் கழட்டுங்க" என்று நான் சொன்னதும் கனகராஜ் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கதவுக்கு வெளியே நின்ற தன் சித்தப்பாவைப் பார்த்தார். கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். தோப்பில் நாள் முழுக்க வெறும் மேலோடு திரிகிறவர்தான். ஆனால் நர்சுகள் சுற்றி நிற்கும் அறையில் சட்டையைக் கழற்றுவது வேறு சங்கதி.

"ஏனுங்க சிஸ்டர், பனியன் இருக்கட்டுமுங்களா?"

"பனியனும்தாங்க."

"எனக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லீங்களே."

"உங்களுக்கு இல்லீங்க. உங்க பாப்பாவுக்கு."

தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில், பச்சிளம் குழந்தைகள் வார்டில் நான் ரிசர்ச் நர்சாக இருந்தேன். ரிசர்ச் நர்ஸ் என்றதும் இப்போது சேரும் பிள்ளைகள் பெரிய உத்தியோகம் என்று நினைக்கிறார்கள். மற்ற நர்சுகள் செய்யும் எல்லா வேலையும் உண்டு, செய்ததை எழுதிவைக்கும் வேலை கூடுதல். அவ்வளவுதான். வார்டில் எனக்கு மிலிட்டரி ராஜாமணி என்று பேர். என் காதுபடவே சொல்வார்கள். நானும் அந்தப் பேருக்குக் குறை வைத்ததில்லை.

எங்கள் டாக்டர் பத்மாவதி அப்போது ஒரு ஸ்டடி தொடங்கியிருந்தார். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு உடம்புச் சூடு நிற்காது. சூடு போனால் பால் செரிக்காது, எடை ஏறாது, மூச்சும் தடுமாறும். அதற்காகத்தான் வார்மர் என்ற சூடான படுக்கை இருக்கிறது. எங்களிடம் குழந்தைகள் நிறைய, வார்மர் கொஞ்சம், அதிலும் ஒன்று எப்போதும் ரிப்பேரில் இருக்கும். வார்மருக்குப் பதிலாகத் தாயின் வெறும் நெஞ்சில் குழந்தையைக் கட்டிவைத்தால் எடை எப்படி ஏறுகிறது என்று பார்ப்பதுதான் ஸ்டடி. கங்காரு முறை என்பார்கள்.

கனகராஜின் மகள் இரண்டு மாதம் முந்திப் பிறந்துவிட்டாள். உள்ளங்கையில் தலையை வைத்தால் முழங்கைக்கு முன்னாலேயே கால் முடிந்துவிடும். தாய் சுமதிக்கு ரத்தக் கொதிப்பு ஏறி வலிப்பு வந்து, ஆபரேஷன் செய்து எடுத்த குழந்தை. சுமதி ஐ.சி.யூ.வில் நினைவில்லாமல் கிடந்தாள். அன்று காலை இந்தக் குழந்தை படுத்திருந்த வார்மரும் புகைந்து நின்றுவிட்டது. மற்ற வார்மர்களில் இதைவிடக் கவலைக்கிடமான குழந்தைகள் இருந்தன. டாக்டர் சுற்றிப் பார்த்தார்.

"இந்தக் குழந்தையோட அப்பா எங்கே?"

"மேடம், புரொட்டோகால்ல மதர்னுதான் போட்டிருக்குங்க" என்றேன். ஸ்டடிக்கென்று எழுதிவைத்த விதிகள்தான் புரொட்டோகால், அதை வரிக்கு வரி பிடித்துக்கொள்வது என் சுபாவம்.

"அப்பாவுக்கு நெஞ்சு இல்லையா ராஜாமணி?"

"இருக்குங்க. ஸ்டடில வராதுங்களே."

"ஸ்டடில வராட்டிப் போகுது. அந்தக் குழந்தை வீட்டுக்குப் போகணும். ஸ்டடி கமிட்டிக்கு நான் எழுதிக்கறேன்."

சட்டைப் பேச்சு முடிந்ததும் கனகராஜைக் குளித்துவிட்டு வரச் சொன்னேன். மனிதர் திரும்பி வந்தபோது வராந்தா முழுக்கச் சந்தன வாசம். மகளை முதன்முதலாகத் தூக்கப் போகிறோம் என்று பவுடரையும் ஜவ்வாதையும் அள்ளிப் பூசியிருந்தார். மூக்குக்கூட முழுசாக வளராத குழந்தைக்கு ஜவ்வாது ஆகாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். இரண்டாவது குளியல் முடிந்து வந்தவரைப் பிரம்பு நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, குழந்தையை நெஞ்சில் நிமிர்த்தி வைத்துத் துணியால் கட்டினேன். குழந்தை அவருடைய நெஞ்சுமுடியை ஒரு பிடி பிடித்தது.

"வலிக்குதுங்களா?"

"இல்லீங்க சிஸ்டர், வலிக்கலீங்க" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. அது வலியால் வந்ததில்லை என்று எனக்குத் தெரிந்தது. அரை மணி நேரத்தில் குழந்தையின் பாதம் வெதுவெதுப்பானது.

2. வாங்க

அதற்கடுத்த நாளிலிருந்து ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. காலையில் குழந்தையின் சூடு நன்றாக இருக்கும். மதியமும் நன்றாக இருக்கும். சாயங்காலம் நாலு மணிக்குமேல் இறங்கிவிடும். டாக்டர் சார்ட்டைப் பார்த்துவிட்டு, "நாலு மணிக்கு மட்டும் என்ன நடக்குது?" என்றார்.

"விசிட்டர்ஸ் டைமுங்க மேடம்."

"உள்ள யாரையும் விடறதில்லையே."

விடுவதில்லைதான். ஆனால் அந்த அறைக்குப் பெரிய கண்ணாடி ஜன்னல் உண்டு. அன்று சாயங்காலம் மூலையில் நின்று கவனித்தேன். கிணத்துக்கடவிலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் இளநீர்க் குலையோடு வந்து இறங்கினார்கள். முதல் தலை கண்ணாடியில் தெரிந்ததும் கனகராஜ் எழுந்தார். கையைக் கூப்பி, "வாங்க மாமா" என்றார். உட்கார்ந்தார். அடுத்த தலை தெரிந்தது. எழுந்தார். "வாங்க அத்தை." உட்கார்ந்தார். "வாங்க பெரியப்பா. வாங்க மச்சான். வாங்க கண்ணு." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தையும் கேட்காது. ஆனாலும் ஆளுக்கு ஒரு வாங்க சொல்லாமல் விடவில்லை. கைக்குழந்தையோடு ஒருத்தி வந்தபோது அந்தக் கைக்குழந்தைக்கும் தனியாக ஒன்று சொன்னார். ஒவ்வொரு முறை எழும்போதும் கட்டுத்துணி கொஞ்சம் தளரும், குழந்தை கொஞ்சம் சரியும், காற்று உள்ளே போகும்.

நான் கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரியுதுங்க சிஸ்டர். ஆனா வந்தவங்களுக்கு எந்திரிக்காம உக்காந்துட்டே வாங்கன்னா, நாளைக்கு ஊருக்குள்ள என்ன பேசுவாங்க? புள்ள பொறந்ததும் கனகராசுக்குத் தலைக்கனம் வந்துபோச்சும்பாங்க."

நானும் இந்த ஊர்க்காரிதான். அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

மறுநாள் ஜன்னலுக்குத் திரை போட்டேன். வந்தவர்கள், தங்களைப் பார்க்கப் பிடிக்காமல் கனகராஜ் திரை போட்டுவிட்டார் என்று இளநீரை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். திரையை எடுத்துவிட்டு நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டேன். அது இன்னும் மோசம். பெரியப்பா வந்தபோது முதுகைக் காட்டினார் என்று பேச்சுக் கிளம்பி, என்ன வருத்தம் என்று கேட்க நாலு பேர் புறப்பட்டு வந்தார்கள். அவர்களுக்குச் சித்தப்பா வராந்தாவில் காப்பி வாங்கிக் கொடுத்துச் சமாதானம் சொன்னார்.

மூன்றாவதாக எனக்கு ஒரு யோசனை வந்தது. பெட்ஷீட்டை நீளவாக்கில் மடித்து, அவருடைய இடுப்பையும் நாற்காலியையும் சேர்த்துக் கட்டிவிட்டேன்.

"இதுதாங்க சிஸ்டர் செரி" என்று அவரும் சந்தோஷப்பட்டார்.

நாலு மணிக்குக் கண்ணாடியில் ஒரு தலை தெரிந்தது. கனகராஜ் எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. முதுகில் பிரம்பு நாற்காலி தொங்க, ஒரு கையால் மகளைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை நெஞ்சுக்கு உயர்த்தி, "வாங்க மாமா" என்றார். வெளியே நின்ற மாமா மரியாதையாகப் பதிலுக்குக் கும்பிட்டார். நாற்காலியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

நான் பின்பக்கம் திரும்பி நின்று சிரித்தேன். மிலிட்டரி சிரித்ததை யாராவது பார்த்தால் வார்டு கெட்டுவிடும்.

3. அந்த ஒரு நிமிஷம்

சிரித்த சூடு ஆறுவதற்குள் அது நடந்தது. அதே சாயங்காலம், கடைசி விருந்தாளிக்கு எழுந்து உட்கார்ந்தவர், "சிஸ்டர்" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். குழந்தையின் கழுத்து மடங்கிக் கிடந்தது. உதடு நீலம். மூச்சில்லை.

கழுத்தை நிமிர்த்தி, பாதத்தை விரலால் சுண்டினேன். ஒன்றும் இல்லை. முதுகைத் தேய்த்துவிட்டு மறுபடி சுண்டினேன். குழந்தை ஒரு தடவை இழுத்து, முகத்தைச் சுளித்து, பூனைக்குட்டிக் குரலில் அழுதது. அந்த அழுகையைப் போல இனிப்பான சத்தத்தை நான் அதிகம் கேட்டதில்லை.

கனகராஜை நான் திட்டவில்லை. கட்டுத்துணியை அவிழ்த்து இன்னும் இறுக்கமாகக் கட்டினேன்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு அவர் பக்கத்திலேயே முட்டிபோட்டு உட்கார்ந்தார். "இன்னொரு தடவை இப்படிச் சூடு இறங்கி, கழுத்தும் மடங்கினா தாங்க மாட்டா கனகராஜ். உங்களால உக்கார முடியலைன்னா சொல்லிடுங்க. வேற ஆஸ்பத்திரில வார்மர் கேக்கறேன். ஆனா ஆம்புலன்ஸ்ல போற வழி எனக்குப் பயமா இருக்கு."

"இனி எந்திரிக்க மாட்டனுங்க" என்றார் கனகராஜ்.

சொன்னபடி இருந்தார். அடுத்த நாள் பெரியப்பா வந்தார், எழவில்லை. பஞ்சாயத்துத் தலைவர் வந்தார், எழவில்லை. உட்கார்ந்த இடத்தில் கழுத்தை மட்டும் ஆட்டி வாங்க சொன்னார். ஒவ்வொரு தடவையும் பல் பிடுங்குகிற மாதிரி முகம் கோணியது. குழந்தையின் சூடு இறங்காமல் நின்றது.

அப்போதுதான் சித்தப்பா என்னிடம் வந்து, "நாளைக்கு அவனோட மாமனார் வாராருங்க சிஸ்டர். அதான் பயமா இருக்குது" என்றார்.

மாமனாருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி. தலைப்பிரசவத்துக்கு மகளை ஏழாம் மாதம் அழைத்துப்போக வந்திருக்கிறார். தோப்பில் தேங்காய் வெட்டிப் போடுகிற வேலை, வீட்டில் ஆள் வேண்டும், அடுத்த வாரம் அனுப்புகிறேன் என்று கனகராஜ் சொல்லியிருக்கிறார். அந்த அடுத்த வாரத்தில்தான் சுமதிக்கு வலிப்பு வந்தது. அன்றிலிருந்து மாமனார் ஐ.சி.யூ. வாசலுக்கு மட்டும் வருவார், போவார். மருமகனிடம் ஒரு வார்த்தை பேச்சில்லை.

"கோபத்துல இருக்கறவரு மொதமொதலா மாப்பிள்ளையப் பாக்க வாராரு. இவன் குத்தவெச்சுட்டு இருந்தா, அப்படியே திரும்பிப் போயிருவாருங்க. அப்பறம் ரெண்டு ஊட்டுக்கும் ஒட்டே இருக்காது."

4. மாமனார்

வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கண்ணாடிக்கு வெளியே நிற்காமல் நேராகக் கதவைத் திறந்து உள்ளே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

கனகராஜின் முழங்கால் தானாக விறைத்தது. உடம்பு நாற்காலியிலிருந்து ஓர் இஞ்சு கிளம்பியதை நான் பார்த்தேன். குனிந்து மகளின் உச்சந்தலைக் குல்லாயைப் பார்த்தார். மெதுவாக மறுபடி உட்கார்ந்தார். கும்பிடவும் இல்லை, இரண்டு கையும் குழந்தையின் மேல் இருந்தன.

"வாங்க மாமா" என்றார்.

மாமனார் மாப்பிள்ளையின் வெறும் நெஞ்சையும், அதில் ஒட்டியிருந்த சின்னக் கன்னத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். வராந்தாவில் சித்தப்பா சுவரில் சாய்ந்துவிட்டார்.  நாங்கள் ஒரு குழந்தையைக் காப்பாற்றுகிறோம் என்று ஒரு குடும்பத்தை உடைத்துவிட்டோமே என்று நினைத்தேன்.

மறுநாள் காலை வார்டு வாசலில் மாமனார் நின்றார். குளித்துத் தலை ஈரமாக, தோளில் துண்டோடு.

"ஏனுங்க அம்மணி, நேத்து டாக்டரம்மாகிட்ட எல்லாங் கேட்டனுங்க. மாப்பிள்ளை எந்நேரமும் அப்புடியே உக்காந்திருந்தா ஆச்சுங்களா? அவரும் ஒரு வாய் சாப்புடோணுமல்ல. கொஞ்ச நேரம் நான் வெச்சுக்கறனுங்க."

"சட்டையக் கழட்டோணுமுங்க" என்றேன்.

கழற்றினார்.

"பனியனும்தாங்க."

ஊருக்கெல்லாம் பனியன் போட்டுவிடுகிற மனிதர், ஒரு கணம் தயங்கித் தன் பனியனைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

கனகராஜ் சாப்பிட்டுவிட்டு வந்தபோது, கதவு திறந்த சத்தம் கேட்டு மாமனார் நிமிர்ந்தார். வந்தது மாப்பிள்ளை. வீட்டு மாப்பிள்ளைக்கு எழாமல் இருக்க அவரால் முடியவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்து எழப்போனார்.

"உக்காருங்க மாமா" என்று கனகராஜ் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. "யாரு வந்தாலும் எந்திரிக்கக்கூடாதுங்க. பாப்பாவுக்கு ஆகாது."

"செரிங்க மாப்பிள்ளை" என்று பெரியவர் அடங்கி உட்கார்ந்தார். இரண்டு பேரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான்.

5. புரொட்டோகாலில் ஒரு வரி

அதற்குப் பிறகு எங்கள் புரொட்டோகாலில் டாக்டர் ஒரு வரி சேர்த்தார். குழந்தையை நெஞ்சில் வைத்திருப்பவர் யார் வந்தாலும் எழுந்திருக்கக் கூடாது, வருகிறவர்கள் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டெல்லியிலிருந்து ஸ்டடியைப் பார்வையிட வந்த ஒருவர் இந்த வரி எதற்கு என்று கேட்டார். "நாலு மணி வரைக்கும் இருங்க சார்" என்றார் டாக்டர். இருந்து பார்த்தார். இந்த வரி இருக்கட்டும் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்.

வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான். வெறும் அறைக்கு விதி எழுதுவது சுலபம். அந்த அறைக்குள் மனிதர்கள் தங்கள் மாமன் மச்சானையெல்லாம் கூட்டிக்கொண்டுதான் வருவார்கள். அவர்களுக்கும் சேர்த்து எழுத வேண்டும்.

சுமதி பிழைத்தாள். கண் திறந்து, பேச்சு வந்து, ஒரு சாயங்காலம் சக்கர நாற்காலியில் அவளை எங்கள் அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகத்தில் வீக்கம் வடியவில்லை. மகளை அதுவரை அவள் பார்த்ததே இல்லை. கண்ணாடிக்கு வெளியே வேன்கூட்டம் முழுக்க நின்றது. சக்கர நாற்காலி வாசலில் நின்றதும் கனகராஜ் என்னைப் பார்த்தார்.

"சிஸ்டர், இவளுக்கு மட்டும் ஒருக்கா எந்திரிச்சுக்கறனுங்க."

எங்கள் பக்கம் வீட்டுக்காரிக்கு எழுந்து நிற்கும் ஆம்பிளையை நான் பார்த்ததில்லை. கண்ணாடிக்கு வெளியே இருந்தவர்களும் பார்த்திருக்க மாட்டார்கள். நான் துணியை இறுக்கிக் கட்டி, குழந்தையின் கழுத்துக்குக் கைகொடுத்து, "மெதுவாங்க" என்றேன்.

எழுந்தார்.

"வா சுமதி" என்றார்.

"உக்காருங்க, பாப்பாவுக்கு ஆகாதாமா" என்றாள் அவள். யாரோ அவளிடமும் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

பிறகு நான் சூடு பார்த்தேன். கொஞ்சமும் இறங்கவில்லை. அதையும் சார்ட்டில் எழுதிவைத்தேன்.