பாம்பேக்காரிக்கு என்ன வயசு?

ஐம்பது தாண்டிய பொம்பளைக்குப் பொறாமை வருமா, வராதா? வராது என்கிறவர்கள் அரியலூருக்கு வந்து என் பெரியம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம்.

பெரியப்பா லாரி டிரைவர். பாம்பே வரைக்கும் போவார். திரும்பி வரும்போதெல்லாம் பெரியம்மாவுக்கு ஒரு வாயில் புடவை. அவள் அதை மோந்து பார்த்துவிட்டுத்தான் பிரிப்பாள். சோறு போடும்போது, "பாம்பேக்காரி சௌக்கியமா?" என்று கேட்பாள். "ஒன்னைத்தான் விசாரிச்சா" என்பார் அவர். எல்லாரும் சிரிப்போம். பெரம்பலூரிலிருந்து லீவுக்குப் போகிற எனக்கு வயிறு எரியும். எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் கரண்ட் பில் தவிர வேறு பேசி நான் கேட்டதே கிடையாது.

போன வருஷம் பெரியப்பா இளைத்தார். விடாத காய்ச்சல், பேதி. டி.பி. என்று கொடுத்த மாத்திரை கேட்கவில்லை. திருச்சியில் ஒரு டாக்டர் ரத்தம் எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினார். வெளிநாட்டுச் சமாச்சாரமாகப் பேப்பரில் நான் படித்திருந்த எய்ட்ஸ், ஐம்பத்தெட்டு வயசு ஆளின் பெயரோடு திரும்பி வந்தது.

நான் பி.எஸ்சி. விலங்கியல். வீட்டில் விளக்கும் வேலை என் தலையில் விழுந்தது. இதற்கு மருந்து கிடையாது, தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் தின்றாலும் ஒட்டாது, ரத்தத்தாலும் படுக்கையாலும்தான் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். பெரியம்மா காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. கட்டிலில் கிடந்தவரிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"அவளுக்கு என்ன வயசு?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒன் வயசுதான் இருக்கும். லாரிக்காரங்களுக்குச் சோறாக்கிப் போடுறவ."

அன்றைக்கும் அவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள், துணி அலசினாள். அலசும்போது என்னைப் பிடித்துக்கொண்டாள். "சின்னக் குட்டியா இருந்தா ஆம்பள புத்தின்னு விட்டுத் தொலைச்சிருப்பேன்டி. எனக்கு நரைச்ச மாதிரிதான அவளுக்கும் நரைச்சிருக்கும்? எங்கிட்ட இல்லாதது அங்க என்னத்தக் கண்டாரு?"

பெரியம்மாவுக்கும் ஒட்டியிருக்குமோ என்று நான்தான் பயந்து செத்தேன். அவளுக்கு அது ரெண்டாம் பட்சம்.

மறுவாரம் மூன்று பேரும் திருச்சிக்குப் போனோம். பெரியம்மாவுக்கும் டெஸ்ட் எடுக்கணுமா என்று நான் கேட்டேன். டாக்டர் அவளுடைய நரைத்த தலையைப் பார்த்தார். இந்த வயதில் அதெல்லாம் எங்கே இருக்கப்போகிறது, தேவையில்லை என்று என்னிடம் சொன்னார். அவள் அங்கே உட்கார்ந்திருப்பதே கணக்கில் இல்லாத மாதிரி.

பெரியம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"ஏன் சார், அவளுக்குத்தான் வருமா, எனக்கு வராதா? பொண்டாட்டி நானு. போன தீவாளி வரைக்கும் எங்கூடத்தான் படுத்தாரு. எனக்கும் ரத்தம் எடுங்க."

நர்ஸ் கையிலிருந்த ட்ரேயைக் கீழே வைத்துவிட்டாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரியப்பா தரையைப் பார்த்தபடியே, "எடுங்க சார். அவ சொல்றது நெசம்" என்றார்.

அதைக் கேட்டதும் பெரியம்மா முகத்தைப் பார்க்கணுமே! கேஸில் ஜெயித்தவள் மாதிரி வளையலை மேலே தள்ளிவிட்டுக் கையை நீட்டினாள். அந்த ரத்தத்தில் என்ன வரப்போகிறதோ என்று எனக்குப் பயம். கூடவே பொறாமையாகவும் இருந்தது. இவர் என்னுடையவர் என்று நாலு பேர் முன்னால் சொல்ல எனக்கு இருபத்திரண்டு வயதில் ஓர் ஆள் இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் லேடீஸ் சீட் காலியாக இருந்தும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். லால்குடி தாண்டியதும், அந்தப் பாம்பேக்காரி வைக்கிற குழம்பு எப்படி இருக்கும் என்று கேட்டாள். உப்பு ஜாஸ்தி என்றார் பெரியப்பா. பொய்யோ நிஜமோ, அவர் தோளிலிருந்து நழுவிய துண்டை எடுத்துக் கழுத்தைச் சுற்றி விட்டாள்.

மெட்ராஸிலிருந்து பெரியம்மாவின் ரிசல்ட் இன்னும் வரவில்லை.