எல்ஸி பெயரில் ஆடிய ஜூலியானா

நான் சொல்லப்போவது நடந்த கதை. ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை என்று கோப்பெங் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கோப்பிக் கடையில் மேசையில் அடித்துச் சத்தியம் செய்தேன். எதிரே உட்கார்ந்திருந்த சுகுமாரன் சிரித்தான். சதாசிவம் அண்ணன் சிரிக்கக்கூட இல்லை, கூரையைப் பார்த்தார். சரி, ஒப்புக்கொள்கிறேன், அங்கங்கே கொஞ்சம் இழுத்திருக்கிறேன். நான் டயர் கடைக்காரன். காற்று அடிக்காமல் எதையும் வெளியே அனுப்பிப் பழக்கமில்லை. ஆனால் வருத்தமான இடங்களில் காற்று அடிக்கவில்லை. அது தன்னாலேயே அவ்வளவு பெரிசு.

ஜூலியானா என் நண்பன் சவரிநாதனின் ஒரே மகள். இருபது வயது. சவரி செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். அவன் மனைவி முத்தம்மா ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டு மங்கு கழுவுகிறாள். மகள் அவ்வளவு ஒல்லி. கோப்பெங்கில் காற்றடித்தால் தஞ்சோங் ரம்புத்தானில் போய்த்தான் பிடித்து வர வேண்டும். ஆனால் கையில் போனைக் கொடுத்தால் அவள் யானை.

அந்த விளையாட்டை எனக்கு அவள்தான் விளக்கினாள். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். அவரவர் போனில் ஆடி எதிராளியின் கோட்டையை உடைக்க வேண்டும். இவள் வேலை எல்லோருக்கும் முன்னால் போய் அடி வாங்குவது. இவள் அடி வாங்குகிற நேரத்தில் மற்ற நாலு பேரும் கோட்டையை உடைப்பார்கள்.

"இதுக்குப் போயி கேமா? உங்கப்பன் அம்மாகிட்ட தெனம் வாங்குறானே, அவன அனுப்பலாம்லா" என்றேன்.

"அப்பா ஓடிருவாரு மாமா. நான் நிப்பேன்."

நின்றாள். ஈப்போவில் ஒரு கடைத்தொகுதியில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்கப் பயிற்சி. பேராக்கில் நடந்த சின்னப் போட்டிகளில் ஜெயித்தாள். ஜெயித்த இடமெல்லாம் ஒலிபெருக்கியில் 'எல்ஸி' என்று கூப்பிட்டார்கள். இங்கேதான் சுகுமாரன் குறுக்கே வந்தான்.

"யாருலா எல்ஸி? இப்பத்தான் ஜூலியானான்னு சொன்ன."

எல்ஸி, சவரியின் அண்ணன் மகள். ஒரு வயது மூத்தவள், தடிக்கா என்கிற பாலர் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாள். போட்டிக்குப் பேர் கொடுக்க ஐசி, அதாவது அடையாள அட்டை எண் வேண்டும். ஜூலியானாவிடம் ஐசி இல்லை. அதனால் அக்காள் எண்ணையும் பேரையும் எழுதிக்கொடுத்தாள். எல்ஸியும் தலையாட்டினாள். சின்னப் போட்டிதானே என்று இரண்டு பேரும் நினைத்தார்கள்.

ஐசி ஏன் இல்லை? பன்னிரண்டு வயதில் வகுப்பே போய் நீல ஐசியோடு திரும்பியது. இவள் மட்டும் பிறப்புப் பத்திரத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். அதில் குடியுரிமை இல்லாதவர் என்று எழுதியிருந்தது. அதுவரை அந்த வரியை வீட்டில் ஒருவரும் வாசித்ததில்லை. சவரி நீல ஐசிக்காரன்தான், இந்த நாட்டுக் குடிமகன். ஆனால் அவன் கல்யாணம் பதிவாகவில்லை. பதிவாகாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளை தாய்ப் பக்கம் சேர்ந்துவிடும். முத்தம்மா தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தபோது யாரும் அவள் பிறப்பை எழுதிவைக்கவில்லை. அவளிடம் இருப்பது பச்சை ஐசி. அதை வைத்து இங்கே இருக்கலாம், இந்த நாட்டு ஆள் என்று சொல்ல முடியாது.

இதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. சவரி வேதக்காரன், முத்தம்மா இந்து. இரண்டு வீட்டிலும் கதவைச் சாத்திவிட்டார்கள். பால்மரக் காட்டு ஓரத்தில் இருந்த முனீஸ்வரன் கோயிலில் காலையில் தாலி கட்டினான். மாப்பிள்ளைத் தோழன் நான். மத்தியானம் ஈப்போவுக்குப் போய்ப் பதிவு செய்வதாக ஏற்பாடு. வேனில் ஏறும்போது முத்தம்மா அந்தப் பச்சை அட்டையைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"இத காட்டுனா புடிச்சு வச்சுக்குவாங்களா அண்ணே?" என்று கேட்டாள்.

நான் பெரிய மனுசன் மாதிரி சொன்னேன்: "அங்க போனா ஆயிரம் கேள்வி, சூசாலா, பெரிய தொல்ல. தாலி ஏறிருச்சு, சாமி பாத்தாச்சு. ரெஜிஸ்டர் பெஜபாட் எங்க ஓடப்போகுது, அடுத்த வாரம் போலாம்."

அது டுரியான் காலம். பதிவுக்கு வைத்திருந்த மத்தியானத்தை டுரியான் மரத்தடியில் உட்கார்ந்து தின்று தீர்த்தோம். நான் மட்டும் பதினேழு பழம். சரி, நாலு. அடுத்த வாரம் வரவே இல்லை.

பிறகு மகளுக்காக மூன்று முறை மனுப் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு வரிப் பதில், இல்லை என்று.

இந்த நிலையில்தான் கோலாலம்பூரில் பெண்களுக்கான தேர்வுப் போட்டி வந்தது. ஜெயிக்கிற அணிதான் நாட்டின் அணி. மணிலாவில் வெளிநாட்டு அணிகளோடு ஆடும். நாங்கள் சவரி வீட்டில் போனைச் சுவரில் சாய்த்துவைத்துப் பார்த்தோம். கடைசி ஆட்டத்தில் இவள் ஒருத்தி ஐந்து பேரையும் வாசலில் மறித்துக்கொண்டு நின்றாள். அடி மேல் அடி. அதற்குள் மற்ற நால்வரும் கோட்டையை முடித்துவிட்டார்கள். சவரி போட்ட கூச்சலில் கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலை நின்றுபோனதாகக் கேள்வி.

மேடையில் பேர்களை வாசித்தார்கள். முத்தம்மா போன்கிட்டே போய்க் காதை வைத்துக் கேட்டாள்.

"எல்ஸிங்கிறாங்க. நம்ம புள்ள பேர ஏன் சொல்லல?"

சவரியின் கூச்சல் அப்படியே நின்றது. தன் மகளிடம் ஐசி இல்லாததை அவன் ஒரு வினாடிகூட மறந்ததில்லை. அந்த அஞ்சு நிமிஷம் மட்டும் மறந்திருந்தான்.

மறுநாள் அணி மேனேஜர் ஐந்து பேரிடமும் பாஸ்போர்ட் கேட்டார். மூன்று வாரம் அவகாசம். எல்ஸி ஓடி வந்தாள்.

"என் பேருல பாஸ்போர்ட் எடுத்துத் தாரேன் சித்தப்பா. இவ அத தூக்கிட்டுப் போகட்டும். மூஞ்சி ரெண்டும் ஒண்ணுதானே."

"ஏர்போட்ல மூஞ்சிய மட்டுமா பாப்பான்? மெஷின்ல பெருவிரல வைக்கச் சொல்வான்" என்றான் சவரி. எந்த நாட்டு மெஷினும் அந்த விரலுக்குக் கதவு திறக்காது என்று அவனுக்குத் தெரியும்.

அப்போது முட்டாள் நான் வாயைத் திறந்தேன். "அப்போ எல்ஸியே போகட்டும். முகத்துல மாஸ்க்க மாட்டிக்கிட்டு எல்ஸியே ஆடட்டும்."

விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். தினமும் மத்தியானம் தடிக்கா விட்டதும் எல்ஸிக்குப் பயிற்சி. எல்ஸி போனைப் பிடித்தால் சுடச்சுடப் பொரித்த கோரேங் பீசாங் வாழைப்பழத்தைப் பிடித்த மாதிரி இருக்கும். ஆட்டம் தொடங்கி, நான் கோப்பியில் சீனி கலக்கி முடிப்பதற்குள் ஆள் செத்திருப்பாள். ஒரு நாள் தன் அணியின் கோட்டைக்கு முன்னாலேயே வழி தெரியாமல் நின்றாள்.

"எங்கக்கா போற? எதிரி அந்தப் பக்கம்."

"எனக்கு எல்லாமே எதிரி மாதிரிதான்டி தெரியுது."

எல்லோரும் சிரித்தோம். எல்ஸியும் சிரித்தாள். ஆனால் ஆட்டம் முடிந்ததும் உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்தாள். ஜூலியானா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பத்தாவது நாள் எல்ஸியின் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"போதும்க்கா. கேம்ல செத்தா அர நிமிஷத்துல எந்திரிச்சிரலாம். அங்க மாட்டுனா ஒன் வேல போயிரும், ஜெயில்லயும் வச்சிருவாங்க."

"அப்ப நீ?"

அவள் வாசலுக்குப் போய் மேனேஜருக்குப் போன் போட்டாள். நாங்கள் உள்ளே நின்று கேட்டோம். கோலாலம்பூரில் ஆடியது எல்ஸி இல்லை, நான் என்றாள். பேர் ஜூலியானா என்றாள். அக்காளுக்கு ஒன்றும் செய்துவிடாதீர்கள் என்று மூன்று தடவை சொன்னாள். சவரி குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டான். வெகுநேரம் தண்ணீர் ஓடியது.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. ஆள் மாற்றி ஆடியதால் தேர்வுப் போட்டி வெற்றி செல்லாது. இரண்டாவதாக வந்த அணி மணிலாவுக்குப் போகிறது. எல்ஸியைத் தண்டிக்காமல் விட்டுவிட்டார்கள். ஆனால் ஜூலியானாவோடு சேர்ந்து அந்த நாலு பெண்களும் போக முடியாமல் போனது.

அந்த நால்வரில் ஒருத்தி தேவிஸ்ரீ. கமுந்திங்கில் தொழிற்சாலை வேலை பார்த்தவள். மூன்று பஸ் மாறி கோப்பெங்குக்கு வந்து சவரி வீட்டுக் கேட்டைத் தட்டினாள். உள்ளே வரமாட்டேன் என்று வெயிலில் நின்றாள்.

"ரெண்டு வருஷம் ஒண்ணா ஆடுனோம்டி. லீவு கொடுக்கலன்னு வேலைய விட்டுட்டு வந்தேன். மொத நாளே சொல்லிருந்தா வேற ஆளப் போட்டிருப்போம்ல?"

"அதான்" என்றாள் ஜூலியானா. "சொல்லிருந்தா வேற ஆளப் போட்டிருப்பீங்க."

தேவிஸ்ரீ கேட்டிலிருந்து கையை எடுத்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அழுதுகொண்டே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். ஜூலியானா பின்னால் போனாள். பஸ் வரும்வரை இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இதில் நான் ஒரு துளி காற்று அடிக்கவில்லை.

அடுத்த மாதம் அவளுக்கு இருபத்தொன்று ஆகிறது. இருபத்தொன்று ஆகிவிட்டால் மனு எடுக்க மாட்டார்கள், அதற்குள் நாலாவது மனுப் போட வேண்டும். கல்யாணத்துக்குச் சாட்சி நான்தான், நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள். டுரியானையும் எழுத வேண்டுமா என்று கேட்டேன். முத்தம்மா சிரிக்கவில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டுக் கோப்பியைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

"வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம் அந்தப் புள்ள" என்றான் சுகுமாரன். "நாலு பொண்ணுங்க பொழப்ப கெடுத்திருச்சு."

"சும்மா இருந்தா எல்ஸி ஜெயிலுக்குள்ள போயிருப்பா" என்றார் சதாசிவம் அண்ணன். "மணிலாவுல அந்தப் புள்ள ஒரு நிமிஷம் தாங்குமா?"

"அப்ப தப்பு சவரி மேலதான். ஒரு கையெழுத்துப் போடத் துப்பில்லாதவனுக்கு எதுக்குக் கல்யாணம், எதுக்குப் புள்ள?"

"தப்பு இந்தா உக்காந்திருக்கான் பாரு, பழம் தின்ன மாப்பிள்ளத் தோழன், இவன் மேல!"

"என்னைய ஏன்ணே இழுக்குறீங்க? நானே சொல்லிட்டேன்ல!"

"சொன்னா சரியாப் போச்சா?" சதாசிவம் அண்ணன் சுகுமாரன் பக்கம் திரும்பினார். "ஏன்லா, இவ்ளோ பேசுறியே, நீ ஒங்கல்யாணத்த ரெஜிஸ்டர் பண்ணியா?"

சுகுமாரன் கோப்பிக் கோப்பையைத் தள்ளிவைத்தான். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்கூட்டு விசயத்த ஏன்லா கோப்பிக் கடையில பேசுற?" அவன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "அவ நீல ஐசிக்காரிலா! கேக்குதா? நீல ஐசி!"

"நான் கேட்டது அதில்ல. பண்ணியா, இல்லியா?"

"மரியாதையாப் பேசுண்ணே!"

"பண்ணியாலா?"

நான் நடுவில் புகுந்து கையை விரித்தேன். இரண்டு பேரும் என் சட்டையைத்தான் பிடித்தார்கள்.