சுவரில் மாட்டிய மிளகுத் தோல்

வேலையிலிருந்து திரும்பும் அம்மாவின் விரல்களில் புளித்த காடியின் வாடை அடிக்கும். மைசூரில் ஓர் உணவு ஆராய்ச்சிக்கூடத்தின் இருட்டறையில், நுண்ணோக்கி வழியே எடுத்த படங்களைக் கழுவி அச்சிடுவது அவளுடைய வேலை. விஞ்ஞானிகள் "வேஸ்ட்டு" என்று ஒதுக்கியவற்றைக் கேட்டு வாங்கி வருவாள். அரிசி மாவின் துகள்கள் ஆலங்கட்டிகளைப் போலவும், மிளகின் தோல் வறண்ட ஏரியைப் போலவும் கறுப்பு வெள்ளையில் விரிந்து கிடக்கும். அவற்றுக்குச் சட்டம் போட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டினாள்.

ரயில்வேயில் எழுத்தராக இருந்த அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "எல்லார் வீட்லயும் சாமுண்டி படம் இருக்கு, நம்ம வீட்ல மிளகுத் தோலு," என்பார். "சும்னே பாருங்க, சும்மா பாருங்க, அர்த்தம் தேடாதீங்க," என்பாள் அம்மா, கன்னடம் கலந்து.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது அப்பாவின் கழுத்தில் கட்டி வந்தது. அதில் சிறு துண்டெடுத்துச் சோதித்த மருத்துவமனைக்கு முடிவு கேட்க என்னையும் கூட்டிக்கொண்டு போன அம்மா, தானும் அதைப் பார்க்க வேண்டுமென்றாள். டாக்டரம்மா தயங்கி, நுண்ணோக்கியின் முன்னிருந்து எழுந்து இடம் கொடுத்தார். வெகுநேரம் குனிந்திருந்த அம்மா விலகியதும் நானும் எட்டிப் பார்த்தேன். இளஞ்சிவப்பும் ஊதாவுமாக, பூக்களைப் பரப்பிய தட்டுபோல இருந்தது.

"அழகா இருக்கும்மா," என்றேன்.

அவள் கடிந்துகொள்ளவில்லை. "ஆமா. அழகாத்தான் இருக்கு," என்றாள், மிகவும் களைத்துப்போனவளாக.

அன்று மாலையே படங்களையெல்லாம் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். சிகிச்சைக்குப் பின் கூடத்திலேயே படுத்துக் கிடந்த அப்பா, சில நாள் வெற்றுச் சுவரைப் பார்த்துவிட்டு, "ஏன் கழட்டிட்ட? மறுபடி மாட்டு," என்றார்.

"என்னால அதப் பாக்க முடியல."

"என்னால முடியுது. வேற எதப் பாத்துட்டுப் படுத்திருக்கறது?"

அம்மா ஒவ்வொன்றாக மாட்டினாள். இது என்ன, அது என்ன என்று அவர் கேட்க, அவள் சொல்ல, அந்தக் கோடை முழுவதும் அவர்கள் பேசிக்கொண்ட அளவு அதற்குமுன் பேசி நான் கண்டதில்லை. தசராவுக்கு முன்பே அப்பா போய்விட்டார்.

இப்போது ஹெப்பாளில் ஒரு நிறுவனத்தில், திரையில் வரும் திசுப்படங்களில் நோயுற்ற செல்களைச் சுற்றிக் கோடு போடுவது என் வேலை. இருட்டறைகள் போய்விட்டன, படங்களைத் தாளில் அச்சிடுவாருமில்லை, வீடு மாறி மாறி அம்மாவின் சட்டங்களும் எங்கோ தொலைந்தன. மாலைக்குள் கண் எரிந்து, ஒரு படத்துக்கும் மற்றொன்றுக்கும் வேற்றுமையே தெரியாமல் போகும். நேற்று, அன்று பார்த்த பூத்தட்டைப் போலவே விரிந்த ஒன்றின்மேல் கை நின்றுவிட்டது. "ஏனாய்த்து?" என்று, என்ன ஆயிற்றெனக் கன்னடத்தில் கேட்டாள் பக்கத்து இருக்கைப் பெண். ஒன்றுமில்லை என்று தலையசைத்து, கோட்டைப் போட்டு முடித்து, அடுத்ததைத் திறந்தேன்.